தினமும் தீபாவளி நடக்கும் ஊரில் ஒரு சம்பளச் சீட்டு

ராத்திரி ஒன்பது மணிவாக்கில் எங்கள் வீட்டு பால்கனிக் கண்ணாடி லேசாக அதிரும். வந்த புதிதில் இடி என்று நினைத்து, காயப்போட்டிருந்த துணிகளை எடுக்க ஓடினேன். என் கணவர் சிரித்துக்கொண்டே, "மழை இல்ல. இங்க தினமும் தீபாவளிதான். வெளியே வந்து பாரு" என்றார்.

மேற்கு வானத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பூ விரிந்துகொண்டிருந்தது. தீம் பார்க்கின் வாணவேடிக்கை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள ஆர்லாண்டோவுக்கு நாங்கள் குடிவந்தபோது இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நாலு வருஷம் வேலை பார்த்தவள் நான். இங்கே கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. பகல் முழுக்கச் சும்மா உட்காரவும் முடியவில்லை. அப்படித்தான் பக்கத்து நூலகத்தில், இலவசமாக வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் தன்னார்வலர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்த ஊரின் இன்னொரு முகத்தை அந்த மேஜையில்தான் பார்த்தேன்.

ஆரஞ்சுத் தோப்பு ஊர்

ஆர்லாண்டோ இருக்கும் மாவட்டத்தின் பெயரே ஆரஞ்சு கவுண்டி. ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஆரஞ்சுத் தோப்புகளும் சதுப்பு நிலமும்தான். 1971 அக்டோபர் 1-ம் தேதி வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தது. 1980-களில் அடுத்தடுத்து வந்த கடும் உறைபனியில் தோப்புகள் கருகின. அந்த நிலங்களில் பலவும் வீடுகளாகவும் ஹோட்டல்களாகவும் மாறின. 1982-ல் எப்காட், 1990-ல் யுனிவர்சல், 1998-ல் அனிமல் கிங்டம், கடைசியாக 2025 மே மாதம் எபிக் யுனிவர்ஸ் என்று பூங்காக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வருஷத்துக்கு ஏழு கோடிப் பேருக்கு மேல் வந்து போகிறார்கள். நம் தமிழ்நாட்டு மக்கள்தொகை அளவுக்குக் கூட்டம்!

என் மாமியார் வந்திருந்தபோது அனிமல் கிங்டம் கூட்டிப்போனோம். அங்கே ஆசியப் பகுதிக்கு 'ஆனந்தபூர்' என்று ஒரு கற்பனை ஊரே கட்டியிருக்கிறார்கள். காரை பெயர்ந்த சுவர், வெளுத்துப்போன விளம்பரம், கொடி கட்டிய மரம். "இதைப் பாக்கவா இவ்வளவு காசு குடுத்தீங்க? நம்ம பழைய பஸ் ஸ்டாண்டு இப்படித்தானே இருக்கும்" என்றார் அத்தை. டிக்கெட் விலையைச் சொல்லாமல் தப்பித்தோம்.

ஆனால், அத்தை கண்ணுக்கு இன்னொன்று பட்டது. ஐஸ்க்ரீம் விற்ற பெண்ணின் சட்டையில் பெயர்ப் பட்டை. பெயருக்குக் கீழே ஊர். அடுத்த கடைப் பையனுக்கு வேறு நாடு. எப்காட் போனால் இன்னும் விசேஷம். ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள். நார்வே அரங்கில் நார்வே இளைஞர்கள், ஜப்பான் அரங்கில் ஜப்பான் இளைஞர்கள் என்று அந்தந்த நாட்டுப் பிள்ளைகளையே வரவழைத்து வேலை தருகிறார்கள்.

அத்தை கேட்டார்: "இந்தப் புள்ளைங்க எல்லாம் இவ்வளவு தூரம் வந்து நாள் பூரா நிக்குதே, லீவு உண்டா? ஊருக்கு எப்பப் போகும்? கையில என்ன மிஞ்சும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறேழு மாதம் கழித்து, பதில் தானாகவே நூலகத்து மேஜைக்கு வந்தது.

இரண்டு பஸ் மாறி வந்த பெண்

2025 பிப்ரவரி. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ, மேலே ஒரு பழைய ஸ்வெட்டர். ஷிஃப்ட்டுக்குப் போகும் உடுப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. இங்கே ஊர் பஸ்ஸுக்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். நிறுத்தத்தில் காட்டுப் பூனையின் இளஞ்சிவப்புக் கால்தடம் போட்டிருக்கும். கார் இல்லாதவர்களுக்கு அதுதான் கதி. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து வந்த கல்லூரி மாணவி. வயது 21. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயரும் வேலை பார்த்த இடமும் வேண்டாம். அவளை வேலைக்கு வைத்திருந்தது பூங்காகூட இல்லை, உள்ளே கடை நடத்தும் ஓர் ஒப்பந்ததாரர்.

அவள் வந்தது 'சம்மர் வொர்க் டிராவல்' என்ற திட்டத்தில். வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கோடை விடுமுறையில் ஜே-1 விசாவில் வந்து, அதிகபட்சம் நான்கு மாதம் அமெரிக்காவில் வேலை பார்க்கலாம், ஊர் சுற்றலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை இதைக் கலாசாரப் பரிமாற்றத் திட்டம் என்றுதான் சொல்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாடுகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை. இங்கே கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு ஆள் தேவைப்படும் நேரமும் அதுதான்.

கையில் ஒற்றைக் காகிதம். வருஷ சம்பளச் சான்றிதழ், 'டபிள்யூ-2' என்பார்கள். நம்ம ஊர் படிவம் 16 மாதிரி. ஜனவரி 31-க்குள் முதலாளி கொடுத்துவிட வேண்டும்.

"செனோரா, எவ்வளவு திரும்ப வரும்?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. "மாணவர்னா பிடிச்சது எல்லாமே திரும்ப வந்துடும்னு ரூம்மேட் சொன்னா."

கேட்டபோது கிடைக்காத லீவு

கணக்கைத் தொடும் முன் அவள் கதையைக் கேட்டேன். டிசம்பர் முதல் வாரத்தில் வந்தாள். திட்டக் கட்டணம், விசா, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து 2,800 டாலர். அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம்.

கிறிஸ்துமஸ் வாரம் இங்கே ஊரே திணறும். அந்த நாட்களில் யாருக்கும் லீவு கிடையாது. லீவு வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்பே கேட்க வேண்டும் என்பது அவள் வேலை பார்த்த இடத்து விதி. வந்து மூன்று வாரமே ஆன பெண் எப்படி முன்கூட்டிக் கேட்பாள்? டிசம்பர் 28-ம் தேதி அவள் அப்பாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். குளிர்காலத்தில் லீமாவிலும் ஆர்லாண்டோவிலும் கடிகாரம் ஒரே மணி காட்டும். ஒரு மணி நேரம் முன்னதாக விட்டால் வீடியோவில் கேக் வெட்டுவதைப் பார்க்கலாம் என்று கேட்டாளாம். முடியாது என்றுவிட்டார்கள். நள்ளிரவு பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டபோது விருந்தாளிகள் கிளம்பிப் போயிருந்தார்கள். அப்பா மட்டும் தூங்காமல் உட்கார்ந்திருந்தாராம்.

"அது பரவாயில்ல. ஜனவரி பத்தாம் தேதிக்கு அப்புறம் நடந்ததுதான் கொடுமை" என்றாள். பள்ளிகள் திறந்ததும் பூங்காவில் கூட்டம் குறைந்தது. வாரத்துக்கு 45 மணி நேரம் இருந்த வேலை 30 மணி நேரம் ஆனது. இப்போது வாரத்தில் மூன்று நாள் லீவு. ஆனால், கேட்காத லீவு. திங்கள் ஒன்று, வியாழன் ஒன்று, சனி ஒன்று என்று சிதறிக் கிடக்கிறது. லீவு நாளில் மற்றவர்கள் வேண்டாம் என்று விடும் ஷிஃப்ட்டுக்காக போனையே பார்த்துக்கொண்டு அறையில் கிடக்கிறாள். வந்து பத்து வாரத்தில் அவள் பார்த்த இடங்கள் மூன்று: வேலை, அறை, சூப்பர் மார்க்கெட்.

நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் சம்பளத்தோடு கூடிய விடுப்பு கட்டாயம் இல்லை. ஃப்ளோரிடாவிலும் இல்லை. லீவு எடுத்தால் அன்றைய கூலி போகும். அப்போது இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13 டாலர். எட்டு மணி நேர ஷிஃப்ட்டை விட்டால் 104 டாலர் நஷ்டம். தலையில் கடன் இருக்கும் பெண் லீவு கேட்பாளா?

சம்பளச் சீட்டில் ஒரு பிழை

சான்றிதழைப் பிரித்தேன். டிசம்பரில் அவள் கைக்கு வந்தது மூன்று வாரச் சம்பளம். வாரத்துக்கு 40 மணி நேரம் 13 டாலர் வீதம். அதற்கு மேல் வேலை பார்த்த ஐந்து மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 19.50. மொத்தம் 1,852.50 டாலர். அதுவரை சரி.

நான்காம் பெட்டியையும் ஆறாம் பெட்டியையும் பார்த்தேன். சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவிகிதம், மெடிகேர் வரி 1.45 சதவிகிதம். சேர்த்து 141 டாலர் 72 சென்ட் பிடித்திருந்தார்கள்.

இது நம்ம ஊர் பி.எஃப் மாதிரி, இங்கே வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர்களுக்கான பிடித்தம். ஜே-1 விசாவில் வரும் மாணவர்கள் வரிச் சட்டப்படி 'வெளிநாட்டவர்' என்ற கணக்கில் இருக்கும்வரை, திட்டத்தில் அனுமதித்த வேலைக்கு இந்த இரண்டு வரியும் கிடையாது. பிடித்திருக்கவே கூடாது.

அடுத்தது இரண்டாம் பெட்டி. வருமான வரி 108 டாலர்தான் பிடித்திருந்தார்கள். "இது குறைச்சல்" என்றேன். அவள் முகம் மாறியது.

இங்கே குடியிருப்பவருக்கு வருமானத்தில் ஒரு பெரிய தொகை நிரந்தரக் கழிவு உண்டு. 2024-ல் தனி நபருக்கு 14,600 டாலர். அதற்குக் கீழே சம்பாதித்தால் வருமான வரியே வராது. வெளிநாட்டவருக்கு அந்தக் கழிவு இல்லை. முதல் டாலரிலிருந்தே பத்து சதவிகிதம். அவள் கணக்குக்கு 186 டாலர். 108 கட்டியாகிவிட்டது, இன்னும் 78 டாலர் கட்ட வேண்டும்.

"திரும்ப வரும்னு சொன்னாளே..." என்றாள். குரல் கம்மியது. அந்த 78 டாலர் அவளுக்கு இரண்டு வாரச் சாப்பாடு.

இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு கட்டுப் படிவங்கள் நீட்டுவார்கள். அதில் ஒன்று 'டபிள்யூ-4'. சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று நாம் சொல்லும் படிவம். இவளைப் போன்றவர்கள் அதில் 'குடியுரிமையோ நிரந்தர வசிப்போ இல்லாத வெளிநாட்டவர்' என்று கையால் எழுத வேண்டும். அவளிடம் யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் அவளை உள்ளூர்க்காரியாக எடுத்துக்கொண்டது. பிடிக்கக் கூடாததைப் பிடித்தது, பிடிக்க வேண்டியதைக் குறைத்தது.

"அழாதே. ரெண்டையும் சேர்த்துப் பாரு. 141 டாலர் உனக்கு வர வேண்டியது. 78 டாலர் நீ கட்ட வேண்டியது. உனக்குத்தான் லாபம்" என்றேன்.

ஆனால், வர வேண்டியது தானாக வராது. முதலில் முதலாளியிடம் எழுதிக் கேட்க வேண்டும். அவர் கொடுக்க மறுத்தால்தான் வரித் துறையிடம் தனிப் படிவம் போட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவளைக் கூட்டி வந்த ஸ்பான்சர் நிறுவனம் மாதம் ஒருமுறையாவது அவளைத் தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்கும் சொல்லச் சொன்னேன். விசா கையேட்டின் பின்பக்கங்களில் தொழிலாளர் உரிமைகளும் உதவி எண்ணும் இருந்தன. அவள் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. நானும்தான் எத்தனை கையேடுகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்!

ஒரு நல்ல விஷயம், இது பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டது. டிசம்பர் சம்பளத்துக்கு ஒரு கணக்கு, ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் அடுத்த வருஷத்தில் இன்னொரு கணக்கு என்று இவர்களுக்கு இரண்டு தடவை வேலை. இரண்டாவது சான்றிதழ் அடுத்த ஜனவரியில்தான் வரும். அப்போது அவள் லீமாவில் இருப்பாள். பிழை அப்போது தெரிந்தால் எங்கே ஓடுவது?

கடனும் நாளும்

அன்று மேஜையில் கூட்டம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முழுக் கணக்கையும் போட்டோம். மதுரை ஆபீஸ் பழக்கம்.

டிசம்பரில் வந்தது 1,852. மீதிப் பத்து வாரத்துக்குச் சராசரி 30 மணி நேரம் என்று வைத்து 3,900. மொத்தம் 5,752 டாலர். வருமான வரி சுமார் 575. ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. அது ஒரு புண்ணியம். அறை வாடகை வாரம் 200 வீதம் 2,600. சாப்பாடு, பஸ் என்று வாரம் 50 வீதம் 650. மிஞ்சுவது 1,900 சொச்சம். அப்பாவின் கடன் 2,800.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ ஷிஃப்ட்டுக்காக நான் அறையிலேயே கிடந்தாலும் கடன் அடையாது" என்றாள்.

அதற்கு என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. உண்மை அதுதான். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் கூடுதலாகக் கிடைத்தால் கொஞ்சம் நெருங்கி வரலாம். ஆனால், அந்த 2,800 டாலரில் பாதி இந்த ஊரைப் பார்ப்பதற்கும் பழகுவதற்கும் கொடுத்த விலை. ஒரு நாளும் பார்க்காமல் போனால் அதுவும் சேர்த்து நஷ்டம்.

"ஒரே ஒரு நாள். முழு நாள். எழுதிக் கேளு. ஜனவரி, பிப்ரவரியில கூட்டம் இல்ல, குடுப்பாங்க" என்றேன். "எங்க போறது செனோரா? பூங்கா டிக்கெட் வாங்க என்கிட்ட காசு இல்ல" என்றாள்.

"பூங்காவுக்கு இல்ல" என்றேன்.

ஆறு டாலர் சுற்றுலா

பிப்ரவரி கடைசியில் ஒரு குளிர்ந்த புதன்கிழமை. அவளையும் அவள் ரூம்மேட்டையும் காரில் ஏற்றிக்கொண்டு நானும் என் மகளும் கிளம்பினோம். வடகிழக்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டினால் ஆரஞ்சு சிட்டி என்ற சின்ன ஊர். அங்கே ப்ளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்கா. ஒரு காருக்கு ஆறு டாலர். அவ்வளவுதான் செலவு. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டேன்.

ஃப்ளோரிடாவின் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அதன் பிளவுகளிலிருந்து ஊற்று பீறிட்டு வருகிறது. இந்த ஊற்று நீர் வருஷம் முழுக்க 22, 23 டிகிரி. வெளியே செயின்ட் ஜான்ஸ் ஆறு குளிர்காலத்தில் சில்லிட்டுப் போகும்போது, ஆற்றில் வாழும் மானட்டீகள் வெதுவெதுப்புக்காக ஊற்றுக்குள் வந்து ஒதுங்குகின்றன. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை இந்தக் காட்சி. அவை இருக்கும் நாட்களில் மனிதர்கள் தண்ணீரில் இறங்கத் தடை. மரப் பாலத்தில் நின்று பார்க்கலாம்.

கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதற்குள் சாம்பல் நிறப் பாறைகள் கிடந்தன. பாறை ஒன்று மெதுவாக மேலே வந்து மூக்கை நீட்டி 'புஸ்' என்று மூச்சு விட்டது. என் மகள் கத்தியேவிட்டாள். எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டுவிட்டோம். குட்டி ஒன்று தாயின் அக்குளில் வாய் வைத்துப் பால் குடித்தது.

"எங்க ஊர்ல இதோட சொந்தக்காரன் இருக்கு. கடல்பசுன்னு சொல்வோம், ஆவுளியான்னும் சொல்வோம்" என்றேன். பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்காகத் தமிழ்நாடு 2022-ல் 448 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகம் அறிவித்ததைச் சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எங்க அமேசான் ஆத்துலயும் உண்டு. நாங்களும் அப்படித்தான் சொல்வோம், வாக்கா மரினா. வாக்கான்னா பசு, மரினான்னா கடல்!" எங்கேயோ இருக்கிற இரண்டு ஊர்க்காரர்கள் ஒரு மிருகத்துக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். லீமாவில் பிறந்து வளர்ந்தவள், தன் நாட்டு வாக்கா மரினாவை அதுவரை பார்த்ததே இல்லையாம்.

பாலத்தில் நின்றபடி அப்பாவுக்கு வீடியோ போட்டாள். அங்கேயும் இதே மணி. மதிய உணவு நேரம். போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஸ்பானிஷில் என்னென்னவோ பேசினார்கள். எனக்குப் புரிந்தது 'வாக்கா மரினா' மட்டும்தான். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி ஏதோ செய்தார். நானும் கும்பிட்டேன். திரும்பும்போது ரூம்மேட் என் புளிசாதத்தைக் காலி செய்துவிட்டு, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டாள்.

நம்ம பிள்ளைகள் கிளம்பும் முன்...

இந்தியாவிலிருந்தும் சிலர் இப்படிக் கோடை விடுமுறை வேலைக்கு வருகிறார்கள். மேற்படிப்புக்கு வருகிறவர்களோ ஏராளம். என் மேஜையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயங்கள் இவை. வீட்டில் யாராவது கிளம்பினால் காட்டுங்கள்.

• டி.எஸ்.-2019 படிவத்தில் உள்ள முடிவுத் தேதி வரைதான் வேலை. அதற்குப் பின் 30 நாள் ஊர் சுற்றலாம். ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கக் கூடாது. சுற்றுலாவை இந்த நாட்களில் வைத்துக்கொண்டால் லீவு கேட்கவே வேண்டாம். கல்லூரி திறக்கும் தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

• லீவு விதியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், எந்தத் தேதிகளில் கிடைக்காது, கூட்டம் குறைந்த வாரங்கள் எவை?

• பிடிக்கவில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிடக் கூடாது. விசா நிலையே போய்விடும். ஸ்பான்சரிடம் முதலில் சொல்லுங்கள். இரண்டாவது வேலைக்கும் அவர்கள் அனுமதி வேண்டும்.

• டபிள்யூ-4 படிவத்தில் வெளிநாட்டவர் என்று எழுதுங்கள். முதல் சம்பளச் சீட்டிலேயே சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்ற இரண்டு வரியும் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

• வரிக் கணக்கு '1040-என்.ஆர்' படிவத்தில்தான். கூடவே 8843 என்ற படிவமும் உண்டு. வருமானமே இல்லாவிட்டாலும் அது கட்டாயம். சம்பளக்காரர்களுக்குக் கடைசித் தேதி ஏப்ரல் 15. உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் சாதாரண ஆப்பில் போட்டால், தவறான படிவத்தில் கழிவு வாங்கி, பிறகு திருத்தக் கணக்கு போட வேண்டிவரும். 'முழுப் பணமும் வாங்கித் தருகிறேன்' என்று கமிஷன் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை.

• அங்கேயே படிக்கும் இந்திய மாணவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி, மேலே சொன்ன நிரந்தரக் கழிவை அவர்கள் கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

• ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அமெரிக்க வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள். திரும்ப வரும் பணம் அதில்தான் வந்து விழ வேண்டும். சம்பளச் சான்றிதழ் இணையத்தில் கிடைக்க வழி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

• நாலு மாதம் போய்விட்டு வருகிறவர் பெரும்பாலும் இந்தியாவில் வசிப்பவர் என்ற கணக்கிலேயே இருப்பார். அங்கே வாங்கிய சம்பளத்தையும் வங்கிக் கணக்கையும் இந்தியக் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வருமான வரிக்கு இங்கே வரவு கேட்கலாம். அங்கே ஜனவரி - டிசம்பர், இங்கே ஏப்ரல் - மார்ச் என்பது நினைவிருக்கட்டும்.

ஜனவரியில் வந்த படம்

அந்த 141 டாலர் 72 சென்ட், மூன்று முறை கடிதம் எழுதிய பிறகு மார்ச் முதல் வாரத்தில் அவள் கணக்கில் வந்தது. அதிலேயே 78 டாலரைக் கட்டினாள். புது டபிள்யூ-4 கொடுத்த பிறகு சம்பளச் சீட்டும் சரியானது. மார்ச் நடுவில் ஊருக்குக் கிளம்பினாள். கடன் முழுதாக அடையவில்லை. மிச்சத்தை அவளும் அப்பாவும் சேர்ந்து கட்டிவருகிறார்களாம்.

இந்த ஜனவரியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய 2025 சம்பளச் சான்றிதழ். நான்காம் பெட்டி காலி. ஆறாம் பெட்டி காலி. இரண்டையும் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். கீழே, தங்கைக்கும் இந்த வருஷம் இதே திட்டத்தில் வர ஆசை என்று எழுதியிருந்தாள். 'முதல் நாளே எழுத வேண்டியதைச் சொல்லிவிட்டேன். லீவையும் முதல் வாரமே கேட்கச் சொல்லியிருக்கிறேன், டிசம்பர் 28-க்கு.'

அத்தையிடம் போனில் சொன்னேன். "எல்லாஞ் சரி, அந்தச் சின்னதுக்காவது லீவு குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

தெரியவில்லை, அத்தை. ஆனால், இந்தத் தடவை முன்கூட்டியே கேட்பாள்.